சாட்சியச் சட்டமும் நாத்தனார் முடிச்சும்

திருச்சுழி
12-3-1993

அன்புள்ள மகள் அனுசியாவுக்கு,

ஆசீர்வாதம். இங்கு நான் நலம். சொல்ல வேண்டியவை ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. உன் தம்பி ஹரிக்குப் பெண் நிச்சயமான விவரம்.
2. முகூர்த்தத் தேதி.
3. பெண் வீட்டார் உன் படிப்பைப் பற்றித் தயங்குவது.
4. நாத்தனார் முடிச்சு யார் போடுவது என்பது.

பத்திரப் பதிவு ஆபீஸில் எழுத்தராகவே காலம் கழித்தவனுக்கு வேறு விதமாக எழுத வரவில்லை. பொறுத்துக்கொள்.

முதலாவது. பெண் விருதுநகர். பெயர் தங்கச்செல்வி. பி.ஏ. படித்திருக்கிறாள். தகப்பனார் காளிராஜ் எண்ணெய் வியாபாரம் செய்கிறார். ஹரிக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. திரும்பி வருகையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அருப்புக்கோட்டை வரும் வரை தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தான். நான் பார்க்காதது போல் இருந்துகொண்டேன்.

இரண்டாவது. வைகாசி பன்னிரண்டு, புதன்கிழமை. ஆங்கிலத் தேதி மே 26. அருப்புக்கோட்டையில் மண்டபம் பேசியாகிவிட்டது. மாசி மாதம் நீ அனுப்பிய பரீட்சைக் கால அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். அன்று காலையில்தான் உனக்குச் சாட்சியச் சட்டம். தற்செயலாக இப்படி அமைந்துவிட்டது.

மூன்றாவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பூ வைக்க வந்திருந்தபோது காளிராஜ் எல்லார் முன்னிலையிலும் என்னிடம் கேட்டார். "என்ன சம்பந்தி, ஒங்க மக நாப்பது வயசுல வக்கீலுக்குப் படிக்குதாமே. நாளைக்கு எம்மக சோத்தக் குழையவிட்டா நோட்டீஸு விட்ருமோ?" எல்லாரும் சிரித்தார்கள். கையில் இருந்த கலரை நான் குடித்து முடித்தேன். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

நான்காவது. முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவன் அக்காள் தங்கச்சி போடுவது நம் வழக்கம். நீ பரீட்சை எழுதப் போவதால், உன் பெரியப்பா மகள் மாரிக்கனி போடட்டும் என்று நினைக்கிறேன். அவளும் ஹரிக்கு அக்காள் முறைதான். யாருக்கும் மனக்கஷ்டம் இருக்காது. பரீட்சை முக்கியம். நீ அதை நல்லபடியாக எழுது.

இப்படிக்கு,
நவநீதகிருஷ்ணன்


மதுரை
19-3-1993

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். ஹரிக்குக் கல்யாணம் என்று படித்ததும் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஓடிப்போய் ஹாஸ்டலில் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்து கொடுத்தேன். அதைத் தின்றுகொண்டே மீதியைப் படித்தேன். நான்காவது எண் வரும்போது வாயில் பாகு இருந்தது. துப்பவும் முடியவில்லை.

இதுவரை உங்களுக்கு எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள், பாடம் நடத்த வந்த அம்மா என்று. நான் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண் மெதுவாகக் கேட்டாள்: "மேடம், இன்ஸ்பெக்‌ஷனா?" உங்களுக்கு வெட்கமாக இருக்கும் என்று எழுதவில்லை. எனக்கு இரண்டு நாள்தான் வெட்கமாக இருந்தது. இப்போது எல்லாரும் அக்கா என்கிறார்கள். சாட்சியச் சட்டத்தில் சந்தேகம் என்றால் என் அறைக்குத்தான் வருகிறார்கள்.

அந்தச் சட்டத்தில் படித்ததை வைத்து உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் ஜோசியர் ஒற்றைத் தேதி கொடுத்ததில்லை. ஹரி கல்யாணத்துக்கு எத்தனை தேதி கொடுத்தார்? அதில் வைகாசி பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்தது யார்?

அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் அவனைக் குளிப்பாட்டித் தலைசீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நான். அவனுக்குத் தாலி கட்டும் நேரத்தில் பெண்ணுக்குப் பின்னால் நிற்கும் இடம் என்னுடையது. அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. என்னிடமிருந்து எடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அனுசியா


திருச்சுழி
30-3-1993

அன்புள்ள அனுசியாவுக்கு,

ஆசீர்வாதம். இதற்கு முன் எழுதியவற்றைக் கிழித்துவிட்டேன்.

ஜோசியர் மூன்று தேதி கொடுத்தார். வைகாசி பன்னிரண்டு, பதினேழு, இருபத்தேழு. காளிராஜ் "ஒங்க வசதி எப்படியோ அப்படி" என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டைச் சொன்னவன் நான். அன்றுதான் மண்டபம் கிடைத்தது என்று எழுதலாம் என நினைத்தேன். ஆனால் மண்டபம் மூன்று நாளும் காலியாகத்தான் இருந்தது. ஆகவே அப்படி எழுதவில்லை.

என் நிலையையும் நீ யோசிக்க வேண்டும். உன் வீட்டுக்காரர் சாத்தூரில் இருக்கிறார். நீ அவரை விட்டு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. அவர் வேறு குடும்பம் நடத்துகிறார். ஆனாலும் பிரிந்ததற்கு ஒரு காகிதம் இல்லை. மேடையில் நீ முடிச்சுப் போடக் குனியும்போது யாராவது ஒருத்தி "இந்தப் பொம்பளைக்குப் புருஷன் எங்க?" என்று பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டாலும் போதும். அது என் காதில் விழும். உன் காதிலும் விழும். போதாததற்குப் பெண் வீட்டார் வேறு உன் படிப்பை வைத்து ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள்.

பரீட்சை என்பது கௌரவமான காரணம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. மில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நீ இந்தப் படிப்புக்குப் போனபோது நான் வேண்டாம் என்றேன். இப்போது அந்தப் படிப்பால் இந்த வீட்டுக்கு முதல் தடவையாக ஒரு உபயோகம் ஏற்பட்டிருக்கிறது என்று நினைத்தேன். இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நம்புகிறேன். எடுத்துக்கொண்டாலும் நான் என்ன சொல்வது.

அப்பா


மதுரை
11-4-1993

அப்பாவுக்கு,

நேற்று விளக்குத்தூண் பக்கம் ஹரியைப் பார்த்தேன். கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்தான். கூட மாரிக்கனியும் பெரியம்மாவும். மதுரைக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் அவன் போனதே இல்லை. நானாகப் போய்க் கையைப் பிடித்தேன்.

"ஏலே, மதுரை வரைக்கும் வந்துட்டு அக்காவப் பாக்காமப் போறியா?"

"ஒனக்குத்தான் நேரமில்லையேக்கா."

"யாருக்கு நேரமில்ல?"

"தம்பி கல்யாணத்துக்கே வர முடியாதுன்னு எழுதிட்டியாம். சேலை பாக்க மட்டும் வருவியாக்கும்."

"யாரு சொன்னா?"

"அப்பாதான் சொன்னாக. நீ பரீட்சை எழுது. நல்லா எழுது. முடிச்சுப் போட ஆளா கெடைக்காது?"

மாரிக்கனி கையில் இருந்த சேலைப் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

அந்த இடத்திலேயே உங்கள் முப்பதாம் தேதிக் கடிதத்தை எடுத்து அவனிடம் நீட்டியிருக்கலாம். என் பையில்தான் இருந்தது. நீட்டவில்லை. "ஆமாடா, பரீட்சை" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். தகப்பன் பொய் சொன்னார் என்று பட்டுக்கடை வாசலில் வைத்து அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

நான் வர மாட்டேன் என்று உங்களுக்கு எப்போது எழுதினேன்? அதை அவனிடம் நீங்களே சொல்ல வேண்டும். நான் சொன்னால் அது கோள். நீங்கள் சொன்னால் உண்மை.

அனுசியா


திருச்சுழி
20-4-1993

அன்புள்ள அனுசியாவுக்கு,

நீ சொன்னபடி ஹரியிடம் சொல்வதற்காக நேற்று அருப்புக்கோட்டைக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே வாக்கியங்களை மனதில் தயார் செய்துகொண்டேன். முதலில் தேதி, பிறகு காளிராஜ் பேச்சு, பிறகு நான் சொன்ன பொய் என்று.

அவன் இரும்புக் கடையில் கம்பி லோடு இறங்கிக்கொண்டிருந்தது. ஹரி சட்டையெல்லாம் துருவாக எடை போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, இந்த வெயில்ல?"

"சும்மாதான்."

"சும்மா வாரதுக்கா பஸ்ஸு ஏறி வந்தீக?"

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. சீப்பு வாங்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன். லோடு இறக்கும் மொக்கையன் என் தலையை ஒரு தடவை பார்த்தான். "ஐயா, திருச்சுழியில சீப்பு இல்லையா, இல்ல ஒங்களுக்கு முடி இல்லையா?" என்றான். ஹரியும் சிரித்தான். நானும் சிரித்தேன். ஹரி சிரித்து ரொம்ப நாள் ஆகிவிட்டதால் அதைக் கெடுக்க மனம் வரவில்லை. மோர் வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. சொல்லிவிடுவேன். உன் பரீட்சை இருக்கும் வரையில் இதனால் பெரிய பாதகம் ஒன்றும் இல்லை என்றும் தோன்றுகிறது. எப்படியும் நீ வர முடியாதுதானே.

அப்பா


மதுரை
3-5-1993

அப்பாவுக்கு,

இன்று அறிவிப்புப் பலகையில் போட்டுவிட்டார்கள். மே 26 நடக்க இருந்த சாட்சியச் சட்டப் பரீட்சை ஜூன் 9ஆம் தேதிக்கு மாற்றப்பட்டிருக்கிறது.

வைகாசி பன்னிரண்டு எனக்கு வேலை ஒன்றுமில்லை.

பதில் எழுதவும்.

அனுசியா


திருச்சுழி
9-5-1993

அன்புள்ள அனுசியாவுக்கு,

உன் கார்டு வந்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. தபால்காரர் அதை வாசலில் நின்று கொடுத்தார். கார்டு என்பதால் அவர் படித்திருப்பாரோ என்று வேறு பயமாக இருக்கிறது. இனிமேல் உறையில் போட்டு எழுது.

பத்திரிகை அடித்தாகிவிட்டது. மாரிக்கனிக்குச் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு ஹரி சேலை எடுத்துக் கொடுத்துவிட்டான். முடிச்சுப் போடுபவளுக்கான சேலை அது. இப்போது வேண்டாம் என்றால் அவள் வீட்டுக்காரர் என்ன நினைப்பார்?

நான் யோசித்த வழி இது. பரீட்சை தள்ளிப்போனது திருச்சுழியிலோ அருப்புக்கோட்டையிலோ யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை. தெரியாதது அப்படியே இருக்கட்டும். நீ மறு வாரம் வந்து பெண் மாப்பிள்ளையைப் பார். இரண்டு பேரையும் உட்காரவைத்து நீ உன் கையால் சாப்பாடு போடு. அல்லது, கல்யாணத்துக்கே வர வேண்டும் என்றால், தாலி கட்டி முடிந்த பிறகு பந்தி நேரத்துக்கு வா. பரீட்சையை முடித்துவிட்டு ஓடி வந்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம். மதுரையிலிருந்து வருவதற்கும் நேரம் சரியாக இருக்கும்.

இது சரியான யோசனையா என்று எனக்கே சந்தேகம்தான். வேறு தோன்றவில்லை.

அப்பா


மதுரை
14-5-1993

அப்பாவுக்கு,

பந்தி நேரத்துக்கு மட்டும் வருவதற்கு நான் வெளியாள் இல்லை.

என் படிப்பால் வீட்டுக்கு முதல் உபயோகம் என்று எழுதினீர்கள். அதற்கு அப்போதே பதில் எழுத நினைத்துக் கோபத்தில் விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

மில் ஆபீஸில் இருந்த வருஷங்களில் மதுரை லேபர் கோர்ட்டுக்கு ரிஜிஸ்தர் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு மில் வக்கீல் பின்னால் போவது என் வேலை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்த ஒரு பெண் கூண்டில் நின்றாள். வேலைக்கு வராமல் இருந்தாள் என்று அவளை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். அந்த நாள்களில் மில்லே பூட்டியிருந்தது. மின்வெட்டு. அது எனக்குத் தெரியும். அவள் வக்கீல் அதைக் கேட்கவே இல்லை. "அந்த வாரம் மில் ஓடியதா?" என்று ஒரே கேள்வி. அவர் கேட்டிருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். நான் மில் ரிஜிஸ்தரை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கிற இடத்தில் நிற்க வேண்டும் என்றுதான் முப்பத்தேழு வயதில் கல்லூரிக் கட்டணம் கட்டினேன். ஊரில் யாருக்கும் நோட்டீஸ் விடுவதற்கு இல்லை.

இப்போது நீங்கள் என்னை மறுபடியும் அந்த பெஞ்சில் உட்காரச் சொல்கிறீர்கள். உண்மை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு.

நான் வந்தால் தாலி கட்டும் நேரத்துக்கு வருவேன், முடிச்சுப் போடுவேன். ஆனால் நானாக வர மாட்டேன். ஹரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு நீங்கள் ஒரு வார்த்தை கூப்பிட வேண்டும். கடிதத்தில் வேண்டாம், கடிதத்தில் நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிவிடுவீர்கள். நேரில் வந்து கூப்பிடுங்கள். வராவிட்டால் அன்று முழுவதும் ஹாஸ்டலில் உட்கார்ந்து படிப்பேன். பரீட்சைக்கு இன்னும் இரண்டு வாரம் கிடைத்ததாக வைத்துக்கொள்கிறேன்.

அனுசியா


திருச்சுழி
29-5-1993

அன்புள்ள அனுசியாவுக்கு,

கல்யாணம் முடிந்தது. நடந்தவற்றை அப்படியே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெண் அழைப்பு. ஹரிக்குக் காப்புக் கட்டிய பிறகு எல்லாரும் சாப்பிட எழுந்துகொண்டிருந்தார்கள். தங்கச்செல்வி என் காலில் விழுந்து எழுந்தாள். ஹரியும் பக்கத்தில் நின்றான்.

"மாமா, மதுரை மதினி எப்ப வாராக?" என்று கேட்டாள்.

"அவளுக்கு நாளைக்குப் பரீட்சைம்மா" என்றேன்.

"அது ஒம்பதாம் தேதிக்குல்ல தள்ளிப்போச்சு. எங்க சித்தப்பா மகன் விஜயபாண்டி மதினி கூடத்தான் படிக்கான். பரீட்சை நாளைக்கா இருந்தா அவன் இங்க வந்து பந்தி பரிமாறிக்கிட்டு இருப்பானா?"

அவள் காட்டிய திசையில் ஒரு பையன் சாம்பார் வாளியோடு நின்றான். சாட்சியம் அதற்குமேல் தேவைப்படவில்லை.

ஹரி என்னைப் பாத்திர அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினான். "அக்கா வர மாட்டேன்னு எழுதுச்சா, எழுதலையா?" என்று கேட்டான். எழுதவில்லை என்றேன். நான் பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தேதியைத் தேர்ந்தெடுத்தது முதல் எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தேன். அவன் சத்தம் போடவில்லை. "விளக்குத்தூண்ல வச்சு அதைய என்ன பேச்சுப் பேசிட்டேன்" என்று மட்டும் சொன்னான். அதற்குமேல் எதுவும் செய்ய நேரம் இருக்கவில்லை.

மறுநாள் காலை முகூர்த்தம். கெட்டிமேளம் கொட்டியது. மாரிக்கனி புதுச் சேலையில் பெண்ணுக்குப் பின்னால் வந்து கையை நீட்டி நின்றாள். ஹரி முதல் முடிச்சைப் போட்டான். கையை எடுக்கவில்லை. இரண்டாவதையும் போட்டான்.

ஐயர், "தம்பி, போதும். அக்கா போடட்டும்" என்றார்.

"எங்கக்கா வரல சாமி" என்றான்.

மேளம் நிற்காததால் பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேடையில் இருந்த எங்களுக்குத் தெரிந்தது. மூன்றாவது முடிச்சு அவனுக்கு வழுக்கியது. கம்பி கட்டிப் பழகிய விரல், மஞ்சள் கயிறு நிற்கவில்லை. அவன் போட்டு முடிக்கும் வரை தங்கச்செல்வி தன் சடையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். மாரிக்கனி நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். "ஏலே, நான் என்னடா பாவம் பண்ணேன்?" என்று அவள் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது.

பிறகு ஹரி வந்து என் காலில் விழுந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. இன்று வரை என்னோடு பேசவில்லை.

அப்பா


மதுரை
4-6-1993

அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஹரியும் தங்கச்செல்வியும் வந்தார்கள். விதிப்படி ஹாஸ்டல் வாசலில் பார்வையாளர் பெஞ்சில் உட்காரவைத்தே அனுப்பியிருக்க வேண்டும். வார்டன் அம்மா பெண்ணின் புதுத் தாலியைப் பார்த்து அவளை மட்டும் என் அறைக்கு விட்டார். அவள் என் கட்டிலில் உட்கார்ந்து சாட்சியச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். "மதினி, பி.ஏ. முடிச்சிருந்தா இதுல சேந்துரலாமா?" என்று கேட்டாள். கீழே வந்து அதை ஹரியிடம் சொன்னேன். "ஏத்தா, வீட்டுக்கு ஒருத்தி போதும்" என்றான். அதற்கு அவள் முறைத்த முறைப்பைப் பார்த்து எனக்கு மனது நிறைந்தது.

கிளம்பும்போது ஹரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் எழுதாத ஒன்றைச் சொன்னான்.

"அன்னைக்குச் சாயங்காலமே அப்பாட்ட சொன்னேன்க்கா. காப்புக் கட்டிட்டாக, நான் ஊர் எல்லை தாண்டக் கூடாது, காரு வாசல்ல நிக்கிது, நீங்க போயி அக்காவக் கூட்டிட்டு வாங்கன்னு. சரின்னாக. காலையில எந்திரிச்சுப் பாத்தா காரு நின்ன எடத்துலயே நிக்கிது. அப்பா பன்னீர்ச் செம்பைத் தொடச்சுக்கிட்டு இருக்காக."

எதுவும் செய்ய நேரம் இருக்கவில்லை என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

அன்று சாயங்காலம் நான் ஹாஸ்டலில்தான் இருந்தேன். உங்கள் அப்பா வந்திருக்கிறார் என்று வாசலில் இருந்து ஆள் வந்து சொல்லியிருந்தால், கட்டியிருந்த சேலையோடு வந்திருப்பேன். தேதியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டேன். வழியெல்லாம் பேசாமல் வந்திருந்தாலும் வந்திருப்பேன்.

ஏன் காரில் ஏறவில்லை? வரிசை எண் போடாமல் எழுதுங்கள்.

அனுசியா


திருச்சுழி
13-6-1993

அன்புள்ள அனுசியாவுக்கு,

ஆசீர்வாதம். ஒன்பதாம் தேதி பரீட்சை முடிந்திருக்கும். அதற்கு முன் இதை அனுப்பி உன் படிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று காத்திருந்தேன். பயந்து தள்ளிப்போட்டேன் என்றும் சொல்லலாம்.

எண் போடாமல் எழுதச் சொன்னாய். முயற்சி செய்கிறேன்.

நான் காரில் ஏறினேன். அது ஹரிக்குத் தெரியாது. டிரைவர் சின்னத்துரையைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எல்லாரும் பந்தியில் இருந்தபோது கிளம்பினோம். ஊரைத் தாண்டியதும் உன்னிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை யோசிக்க ஆரம்பித்தேன். "அனுசியா, வா" என்றால் போதும் என்று முடிவு செய்தேன். அது எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது.

பிறகு திரும்பி வருவதை யோசித்தேன். உன்னோடு மண்டபத்துக்குள் நுழையும்போது யாரெல்லாம் நிற்பார்கள், யார் என்ன கேட்பார்கள், எவருக்கு என்ன பதில் என்று. மாரிக்கனி வீட்டுக்காரருக்கு ஒரு பதில், காளிராஜுக்கு ஒரு பதில், பரீட்சை என்று நான் சொல்லி வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில். எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. காரியாபட்டியில் சின்னத்துரை டீ குடிக்க நிறுத்தினான். நான் இறங்கவில்லை. அவன் வந்து ஏறியதும் திருப்பச் சொல்லிவிட்டேன்.

"ஏன்யா, எதையாச்சும் மறந்துட்டு வந்துட்டீகளா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். அதுவும் பொய். எதையும் மறக்காததால்தான் திரும்பினேன். திரும்பி வந்ததும் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டேன். ஹரி காலையில் பார்த்தது அதைத்தான்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுவீட்டுக்கு அனுப்பும்போது காளிராஜ் என்னைக் கை பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். முடிச்சு விஷயத்துக்குச் சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். "என்ன சம்பந்தி, ஒங்க மகளக் கூப்பிடாம விட்டுட்டீகளே" என்றார். நீங்கள் பூ வைக்க வந்த அன்று நோட்டீஸ் என்று பேசினீர்களே என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது கேலிதான சம்பந்தி. சம்பந்தம் பேசுற எடத்துல கேலி பேசாம வேற எங்கிட்டுப் போயிப் பேசுறது? எம்மக போற வீட்டுல ஒரு வக்கீலு இருக்குன்னு விருதுநகர்ல கடை கடையாச் சொல்லிட்டுத் திரியுறேன் நான். அதையப் போயி..." என்று சொல்லிவிட்டு மீதியைச் சொல்லாமல் விட்டார். பெரிய மனிதர்.

ஹரியிடம் காரியாபட்டி வரை போன விஷயத்தைச் சொல்லலாம், நீ விரும்பினால். அதனால் எனக்கு நல்ல பெயர் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாரிக்கனி வீட்டுக்குப் போய் அவளிடமும் அவள் வீட்டுக்காரரிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். அனுசியா வர மறுக்கவில்லை, நான்தான் கூப்பிடவில்லை என்று. மாரிக்கனி அந்தச் சேலையை உனக்குக் கொடுத்தனுப்பச் சொன்னாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. அது உங்கள் இருவருக்குள் உள்ளது. திருச்சுழியில் பரீட்சை என்று யாரிடமெல்லாம் சொன்னேனோ அவர்களிடமும் மாற்றிச் சொல்லி வருகிறேன். இன்னும் எல்லாருக்கும் சொல்லி முடியவில்லை. சிலரைத் தெருவில் பார்த்தால் அந்தப் பக்கமாகப் போய்விடுகிறேன்.

மார்ச் மாதம் உனக்கு எழுதிய கடிதத்தில் மூன்றாவதாக, பெண் வீட்டார் உன் படிப்பைப் பற்றித் தயங்குகிறார்கள் என்று எழுதினேன். அது தவறு. அவர்கள் தயங்கவில்லை. அந்த இடத்தில் என் பெயரை எழுதியிருக்க வேண்டும்.

அப்பா